மூட்டையை நாளைக்கு விற்க முடிந்தால்

வனப்பொருள் பற்றிய திட்ட அறிக்கைகளில் ‘மதிப்புச் சங்கிலி’ என்று ஒரு படம் தவறாமல் இருக்கும். இடது ஓரத்தில் கூடையோடு ஒரு பெண். வலது ஓரத்தில் அழகான புட்டியைக் கையில் வைத்திருக்கும் வாடிக்கையாளர். நடுவில் நான்கைந்து கட்டங்கள்: ஊர்த் தரகர், சந்தை வியாபாரி, மொத்த வியாபாரி, ஆலை, ஏற்றுமதியாளர். ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் ஒரு விலை. அந்தப் பெண்ணுக்குக் கிடைப்பதையும் புட்டியின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் கோபம் வரும். அடுத்த பக்கத்தில் மருந்தும் தயாராக இருக்கும். தரகரை நீக்கு, ஒரு இயந்திரம் கொடு, ஒரு லேபிள் ஒட்டு.

இத்தகைய அறிக்கைகளை நிறையப் படித்திருக்கிறேன், சிலவற்றுக்கு அட்டவணை போட்டுக் கொடுத்தும் இருக்கிறேன். கொஞ்ச காலம் கொள்முதல் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து எடை எழுதியிருக்கிறேன். அந்தப் படத்தின் விலைகள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் அதில் மாதம் இருக்காது. எந்த மாதம் பொருள் விழுகிறது, எந்த மாதம் வீட்டில் காசு தீர்கிறது, எந்த மாதம் வாங்கியவர் பணம் தருகிறார்? காட்டில் பொறுக்குபவரின் வருமானத்தை இயந்திரமும் லேபிளும் தீர்மானிப்பதைவிட இந்த மூன்று மாதங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி அதிகம் தீர்மானிக்கிறது என்பது என் கட்சி. கட்டுரை முழுக்க அதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஷியா மரத்தை எடுத்துக்கொள்வோம். செனகலில் தொடங்கி உகாண்டா, எத்தியோப்பியா வரை ஆப்பிரிக்காவின் குறுக்கே ஒரு பட்டையாக வளர்வது. பெரும்பாலும் யாரும் நட்டதில்லை. வயலைத் திருத்தும்போது வெட்டாமல் விட்டு வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கிறார்கள். முதல் காய்ப்புக்கே 15, 20 ஆண்டுகள் ஆகும். பழம் விழுவது மழைக்காலத் தொடக்கத்தில். போன அறுவடைத் தானியம் குதிரின் அடியைத் தொட்டிருக்கும் நேரம் அது. புது விதைப்புக்கு வயலில் ஆள் வேண்டிய நேரமும் அதுவே. பெண்கள் விடியும் முன்பே பொறுக்கப் போகிறார்கள். பொறுக்கிய கொட்டையைத் தாமதிக்காமல் வேகவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முளைவிட்டுவிடும். பிறகு மழைக்கும் வெயிலுக்கும் நடுவே காயவைத்து, உடைத்து, பருப்பை எடுத்து மறுபடியும் காயவைக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பருப்பு பல மாதம் கெடாது. அப்படியானால் விலை ஏறும்வரை வைத்திருந்து விற்கலாமே என்று கேட்கத் தோன்றும். விற்கலாம், வீட்டில் சோளம் இருந்தால்.

ஒருமுறை, விலையை எவ்வளவு உயர்த்தியிருக்கிறோம் என்று பொறுக்குபவர்களின் சங்கம் ஒன்றின் கூட்டத்தில் அலுவலர்கள் விளக்கிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா எழுந்து கேட்டார்: “தம்பி, எவ்வளவுன்னு நான் கேக்கல. காசு என்னைக்குன்னு கேட்டேன்.” பதிலாகச் சொல்லப்பட்டது ஏதோ சுற்றறிக்கை எண். அந்தச் சங்கம் தரகரைவிடக் கூடுதல் விலைதான் கொடுத்தது. ஆனால் சரக்கு விற்று, பணம் வந்து, கணக்கு தீர்ந்த பிறகு கொடுத்தது. தரகர் தராசிலிருந்து மூட்டை இறங்கும்போதே கொடுத்தார். போதாததற்கு, பருவம் தொடங்கும் முன்பே கொஞ்சம் கொடுத்திருந்தார். உறுப்பினர்கள் நல்ல சரக்கைத் தரகரிடமும் மிச்சத்தைச் சங்கத்திடமும் போட்டார்கள். ‘உறுப்பினர்களிடம் விழிப்புணர்வு போதவில்லை’ என்று ஆண்டறிக்கையில் எழுதப்பட்டது. என்னைக் கேட்டால் அந்தக் கூட்டத்திலேயே நன்றாகக் கணக்குத் தெரிந்தவர் அந்தப் பெரியம்மாதான்.

தரகரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் கதைகளில் அவர் எப்போதும் வில்லன், பல இடங்களில் உண்மையிலும் வில்லன்தான். அமேசான் காடுகளில் ரப்பர் காலத்திலிருந்து நடந்துவரும் ஏற்பாடு ஒன்று உண்டு. பிரேசிலில் அதன் பெயர் ‘அவியாமென்டோ’, பொலிவியாவில் ‘ஹபிலிட்டோ’. பருவத்துக்கு முன்பு முதலாளி உப்பு, எண்ணெய், கத்தி, பணம் எல்லாம் முன்கூட்டிக் கொடுப்பார், பருவம் முடிந்ததும் கொட்டையாக வாங்கிக்கொள்வார். கொடுத்த சாமானின் விலையை வைப்பவரும் அவர், வாங்கும் கொட்டையின் விலையை வைப்பவரும் அவர். வட்டி என்று தனியாக எதுவும் எழுதப்படாது, அது இரண்டு விலைகளுக்குள்ளும் ஒளிந்திருக்கும். கடன் ஒருபோதும் தீராத குடும்பங்கள் இப்படித்தான் உருவாயின.

ஆனால் அவர் செய்யும் வேலைகளையும் பட்டியலிட்டுப் பார்க்க வேண்டும். சாலையில்லாத இடத்துக்குச் சாமான் கொண்டுபோகிறார். பத்துக் கிலோவும் இருபது கிலோவுமாகச் சிதறிக் கிடப்பதை ஒரு வண்டிச் சுமையாக்குகிறார். நனைந்ததையும் நல்லதையும் பிரிக்கிறார். விலை விழுந்தால் நட்டத்தில் ஒரு பங்கைத் தாங்குகிறார். நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கதவைத் தட்டக்கூடிய ஒரே ஆளாகவும் இருக்கிறார். அவரை நீக்கிவிட்டு அவர் செய்த வேலைகளில் விலை சொல்வதை மட்டும் எடுத்துக்கொண்ட சங்கங்கள் இரண்டு, மூன்று பருவங்களில் மூச்சுவிட முடியாமல் நின்றுபோகின்றன. தரகரின் இடத்தைப் பிடிக்க வேண்டுமானால் முதலில் வேண்டியது பருவத்துக்கு முன்பே கையில் இருக்கும் நடைமுறை மூலதனம். மானியத்தில் இயந்திரம் வாங்குவது எளிது, சுற்றி வரும் பணத்துக்கு ஆள் பிடிப்பது கடினம். இயந்திரத்துக்குத் திறப்பு விழா நடத்தலாம். கொள்முதல் பணத்துக்கு யார் ரிப்பன் வெட்டுவார்?

வேறு வழியும் உண்டு: வாங்குபவர்கள் ஒன்றுக்கு மேற்பட்டவர்களாக இருப்பது. இரண்டு தரகர்கள் போட்டி போடும் ஊரில் ஒரு சங்கம் இருப்பதன் பெரிய பயன் அது வாங்கும் அளவில் இல்லை. அது இருப்பதனாலேயே மற்ற இருவரும் தராசைச் சரியாகப் பிடிக்கிறார்கள். சங்கத்தின் கணக்கில் இந்த லாபம் எங்கேயும் பதிவாகாது. அதனால் மதிப்பீட்டாளர்கள் வந்து ‘இந்தச் சங்கம் சந்தையில் சிறு பங்கையே வாங்குகிறது’ என்று குறைத்து எழுதிவிட்டுப் போகிறார்கள்.

வீட்டில் காத்திருக்க முடியாதது ஒரு பக்கம். காட்டிலேயே காத்திருக்க முடியாதது இன்னொரு பக்கம், இதைப் பற்றி இன்னும் குறைவாகவே பேசப்படுகிறது. மலைத்தேனீயின் தேனை எடுத்துக்கொள்ளுங்கள். சர்வதேச உணவுத்தரம் தேனில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது. ஈரம் கூடினால் தேன் புளித்துப் பொங்கிவிடும். ஈரத்தைக் குறைக்கக் கருவிகள் இருக்கின்றன, ஆனால் எல்லாவற்றையும்விட மலிவான வழி, தேனீக்கள் அறைகளை மெழுகால் மூடும்வரை விட்டு வைத்து எடுப்பது. எடுப்பவருக்கு இது தெரியாதா? நமக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். ஆனாலும் முற்றாத அடை இறங்குகிறது. காரணம், அடுத்த வாரம் வரை விட்டால் வேறொருவர் ஏறிவிடுவார். பச்சைக் காயைப் பறிப்பது, கிளையோடு வெட்டுவது, கிழங்கை விதைக்கு விடாமல் தோண்டுவது எல்லாவற்றுக்கும் பின்னால் இதே காரணம் இருக்கிறது. ‘தரப் பயிற்சி’ என்ற பெயரில் இவர்களுக்கு ஒருநாள் வகுப்பு எடுப்பதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்புதான் வரும். இங்கே குறைவது அறிவில்லை. இந்த மரம் நாளைக்கும் என்னுடையதுதான் என்ற நிச்சயம்தான்.

ஆகவே உரிமை. இந்தியாவில் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனமகசூலின் மீதான உடைமையையே காட்டில் வாழ்பவர்களுக்குக் கொடுத்தது. சேகரிக்கலாம், பயன்படுத்தலாம், விற்கலாம். மூங்கிலும் பீடி இலையும் தேனும் அந்தப் பட்டியலில் உண்டு. அதற்கு முன்பு கதை வேறு. மத்தியப் பிரதேசம் 1964-லும் ஒடிசா 1973-லும் பீடி இலை வணிகத்தை அரசுடைமையாக்கின. வியாபாரிகளின் சுரண்டலைத் தடுப்பதே சொல்லப்பட்ட நோக்கம். விளைவில், இலை பறிப்பவருக்கு விற்க ஒரே ஒரு இடம் மிஞ்சியது. மூங்கில் இன்னும் வேடிக்கை. 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் அதை மரம் என்று வகைப்படுத்தி வைத்திருந்தது. புல் இனம் என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும் ஒன்றை, காட்டுக்கு வெளியே வளர்ந்தாலும் வெட்டவும் கொண்டுபோகவும் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலுக்கு மட்டுமாவது 2017-இல்தான் விலக்கு வந்தது.

சட்டம் வந்துவிட்டால் போதுமா? மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்தில் மெந்தா லேகா என்ற கோண்டு இன ஊருக்கு 2009-இல் ஏறத்தாழ 1,800 ஹெக்டேர் காட்டின் மீது சமூக உரிமை கிடைத்தது. மூங்கில் அவர்களுடையது, வெட்டலாம். ஆனால் லாரி ஊரைவிட்டு வெளியே போக வேண்டுமானால் போக்குவரத்து அனுமதிச் சீட்டு வேண்டும், சீட்டுப் புத்தகம் வனத்துறையிடம் இருந்தது. 2011 ஏப்ரலில் அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் போய் அந்தப் புத்தகத்தைக் கிராமசபையிடம் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு சீட்டுப் புத்தகத்துக்கு ஒரு மத்திய அமைச்சர்! அடுத்த ஆண்டு விதிகள் திருத்தப்பட்டன, சீட்டு வழங்கும் பொறுப்பு கிராமசபையின் குழுவுக்கு வந்தது. மதிப்புச் சங்கிலியில் மதிப்பு எங்கே சேர்கிறது என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் புத்தகம். அந்த ஊர் மூங்கில் அப்படியே இருந்தது, கைவினைப் பயிற்சி எதுவும் அதன் மேல் ஏறவில்லை. யாருக்கு, எப்போது, என்ன விலைக்கு விற்பது என்பதை ஊரே முடிவு செய்யலாம் என்றானது. ஊரின் வருமானம் அதிலிருந்துதான் மாறியது.

நல்ல நோக்கத்தோடு கீழே இருப்பவரின் கையைக் கட்டிவிடும் கொள்கைகளுக்கு இன்னொரு உதாரணம் பிரம்பு. உலகின் பிரம்பில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்து வருகிறது. கச்சாப் பிரம்பை அப்படியே ஏற்றுமதி செய்தால் நாற்காலி செய்யும் லாபம் வெளிநாட்டுக்குப் போகிறதே என்று 1980-களில் ஒருமுறை தடை போட்டார்கள். தளர்த்தினார்கள். 2012 தொடக்கத்திலிருந்து மறுபடியும் தடை. வாதம் கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் பிரம்பு வெட்டுபவர் கலிமந்தானிலும் சுலவேசியிலும் இருக்கிறார். நாற்காலி செய்பவர் ஜாவாவில், சிரபோனைச் சுற்றி இருக்கிறார். வெளிநாட்டு வாங்குநர் போனதும் வெட்டுபவருக்கு உள்நாட்டு ஆலைகள் மட்டுமே மிஞ்சின. அவை எல்லா வகைப் பிரம்பையும் வாங்குவதில்லை, வாங்குவதற்கும் விலை இறங்கியது. கிழக்குக் கலிமந்தானில் தலைமுறைகளாக வைத்திருந்த பிரம்புத் தோட்டங்களை அழித்து ரப்பரும் எண்ணெய்ப் பனையும் வைத்தவர்கள் உண்டு. ஆலைக்கு மலிவாகக் கச்சாப்பொருள் கொடுக்கப் போட்ட திட்டத்தின் செலவைக் காட்டில் இருப்பவர் ஏற்றார், அவரோடு காடும் ஏற்றது.

சூடானின் அரபிக் கோந்தும் அப்படியே. குளிர்பானங்களில் நிறமும் மணமும் பிரியாமல் பிடித்து வைக்க உதவும் பிசின் இது. 1997-இல் அமெரிக்கா சூடான் மீது பொருளாதாரத் தடை விதித்தபோது இதை மட்டும் தடையிலிருந்து விலக்கி வைத்தது. அவ்வளவு வலுவான பொருள். ஆனால் அந்த வலு மரத்தைக் கீறிப் பிசின் எடுத்தவருக்கு வரவில்லை. 1969 முதல் 2009 வரை கச்சாக் கோந்தை ஏற்றுமதி செய்யும் உரிமை ஒரே நிறுவனத்திடம் இருந்தது. விலை படியாத ஆண்டுகளில் அதே மரங்கள் கரிக்காக வெட்டப்பட்டன.

இனி எடை, எண்ணிக்கை, தரம். என் பழைய வேலையின் பாசத்தால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குவாத்தமாலாவின் பெட்டேன் காடுகளில் ஷாட்டே என்ற சிறிய பனை வகை மர நிழலில் வளர்கிறது. அதன் ஓலை பூங்கொத்துகளுக்குப் பச்சையாகப் போகிறது, குருத்தோலை ஞாயிறுக்கு அமெரிக்கத் தேவாலயங்களுக்கும் போகிறது. முன்பெல்லாம் ஒப்பந்தக்காரர்கள் ஓலைக்கு இவ்வளவு என்று எண்ணிப் பணம் கொடுத்தார்கள். எண்ணிப் பணம் கொடுத்தால் என்ன நடக்கும்? கண்ணில் பட்டதெல்லாம் வெட்டுப்படும். கிழிந்தது, புள்ளி விழுந்தது, குட்டையானது என்று பாராமல் எண்ணிக்கை ஏறும். கட்டும் இடத்தில் பிரித்துப் பார்த்து, அதில் பெரும்பகுதியைக் கீழே கொட்டுவார்கள். செடி மொட்டையானது, வெட்டியவரின் உழைப்பு குப்பையானது, ஏற்றிவந்த வண்டிக் கூலியும் வீண். சமூக வனக் குத்தகை பெற்ற ஊர்கள் பிறகு இதை மாற்றின. சந்தைக்கு ஏற்ற ஓலைக்கு மட்டும் பணம், அதற்குக் கூடுதல் விலை. தரம் பிரிக்கும் கொட்டகையும் ஊரிலேயே. அந்த வேலை பெரும்பாலும் பெண்களுக்குக் கிடைத்தது. கழிவு குறைந்தது, செடியில் ஓலை மிஞ்சியது. புது இயந்திரம் எதுவும் வரவில்லை. எதற்குப் பணம் என்பது மாறியது, அவ்வளவுதான்.

நான் பார்த்த கொள்முதல் நிலையங்களில் இந்த எளிய விஷயம்தான் அதிகம் தவறாகிறது. எடைக்கு மட்டும் பணம் என்றால் ஈரச் சரக்கு வரும். காயவைத்தால் எடை குறையும், குறைந்த எடைக்கு அதே விலை என்றால் காயவைப்பவர் முட்டாள். சரக்கில் மண் கலக்கிறார்கள், தண்ணீர் தெளிக்கிறார்கள் என்று புலம்புகிற நிலையத்தில் விலைப்பலகையைப் பாருங்கள். ஒரே விலைதான் எழுதியிருக்கும். காய்ந்ததற்கு ஒன்று, காயாததற்கு ஒன்று என்று இரண்டு விலை எழுதி, ஈரம் பார்க்கும் சின்னக் கருவியை விற்பவர் கண்முன் வைத்துப் பார்த்தாலே பாதிப் புலம்பல் தீரும்.

ஈரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பிரேசில் கொட்டையின் கதை சொல்லும். இரண்டு கிலோ வரை கனக்கும் உருண்டைக் காய், அதற்குள் ஆரஞ்சுச் சுளைபோல் அடுக்கிய கொட்டைகள். உயரத்திலிருந்து தலையில் விழுந்தால் பிழைப்பது கடினம் என்பதால் பெரும்பாலான காய்கள் விழுந்து ஓய்ந்த பிறகே மரத்தடிக்குப் போவார்கள். விழும் காலமோ அமேசானின் மழைக்காலம். ஈரத் தரையில் கிடந்து, ஈரக் குடிசையில் குவிந்து, படகில் நனைந்து வரும் கொட்டையில் பூஞ்சை பிடிக்கும், அது அஃப்லாடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும். 2003-இல் ஐரோப்பிய ஒன்றியம் பிரேசிலிலிருந்து வரும் ஓட்டோடு கூடிய கொட்டைகளுக்குக் கடுமையான நிபந்தனைகள் விதித்தது. ஓடு நீக்கிய கொட்டையை விற்றுவந்த பொலிவியா முன்னுக்கு வந்தது. ரிபெரால்டா நகரத்து ஆலைகள்தான் இன்று அந்த வணிகத்தின் மையம். காட்டில் தரையை விட்டு உயர்த்திய பரணும் காற்றோட்டமான ஒரு சேமிப்புக் கொட்டகையும் இருந்தால் நச்சின் பெரும்பகுதியை ஆரம்பத்திலேயே தடுக்கலாம். பரண் கட்ட மரம் காட்டிலேயே இருக்கிறது. கொட்டையை அதில் சில வாரம் பரப்பி வைக்கும் அளவுக்குக் கடன்காரர் விட்டு வைப்பாரா என்பதுதான் கேள்வி.

மதிப்புக்கூட்டல் என்ற பேச்சுக்கு நான் எதிரியில்லை. ஆனால் எல்லாத் திட்டமும் ஏன் சோப்பில் போய் முடிகிறது என்று ஆச்சரியப்பட்டிருக்கிறேன். எந்தக் காட்டில் எந்தக் கொட்டை விழுந்தாலும் பயிற்சியின் மூன்றாம் நாள் சோப்பு அச்சு வந்துவிடும். ஷியாவில் நடப்பதையே பாருங்கள். முகப்பூச்சுப் புட்டிகளில் அதன் பெயர் பெரிதாக இருந்தாலும் ஏற்றுமதியாகும் பருப்பில் பெரும்பங்கு உணவுத் தொழிலுக்கு, அதிலும் சாக்லேட் போன்றவற்றில் கொக்கோ வெண்ணெய்க்கு ஈடான கொழுப்பாகப் போகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000-ஆம் ஆண்டு ஆணை சாக்லேட்டில் 5 சதவீதம் வரை ஆறு வகைத் தாவரக் கொழுப்புகளை அனுமதிக்கிறது. இல்லிப்பே, பாமாயில், சால மரத்தின் விதைக் கொழுப்பு, ஷியா, கோகம், மாங்கொட்டைப் பருப்பின் கொழுப்பு. பாமாயிலைத் தவிர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் காட்டிலும் வயல் வரப்பிலும் பொறுக்கப்படுபவை. அந்த 5 சதவீதம்தான் லட்சக்கணக்கான பெண்களின் சந்தை. அங்கே போவது மூட்டை மூட்டையாகக் காய்ந்த பருப்பு, கையால் கடைந்த வெண்ணெய்க்கு அங்கே இடம் குறைவு. முப்பது பெண்களுக்கு வெண்ணெய் கடையக் கற்றுக்கொடுப்பதைவிட, முப்பது ஊர்ப் பெண்களுக்குப் பருப்பைச் சரியாக வேகவைத்துக் காயவைத்து, ஒரே கிடங்கில் சேர்த்து, விலை பேசி விற்க வழி செய்வது அதிகப் பேருக்கு அதிகப் பணம் தரும் என்று நினைக்கிறேன். புகைப்படத்துக்கு மூட்டை அவ்வளவு அழகாக இருக்காது என்பது உண்மைதான்.

கையால் செய்வதைப் பெருமையாக விற்று வென்ற கதையும் இருக்கிறது: மொராக்கோவின் ஆர்கன் எண்ணெய். 1990-களில் தொடங்கிய பெண்கள் கூட்டுறவுகள், 2009-இல் புவிசார் குறியீடு, உலகமெங்கும் தலைமுடித் தைலங்களில் இடம். 2011-இல் ஓர் ஆய்வு அந்தச் செழிப்பின் பலன் எங்கே போனது என்று பார்த்தது. பழம் விற்ற குடும்பங்களில் பெண்பிள்ளைகள் தொடக்கப் பள்ளியைத் தாண்டிப் படிப்பது கூடியிருந்தது, இது சாதாரண வெற்றியில்லை. அதோடு, வந்த காசில் ஆடு வாங்கியிருந்தார்கள். ஆர்கன் மரத்தின் மீதே ஏறி மேயும் ஆடுகள்! காட்டின் நிலை தேறியதற்கு அடையாளம் தென்படவில்லை. பொருளுக்கு விலை கூடினால் மக்கள் தாமாகவே காட்டைக் காப்பார்கள் என்ற நம்பிக்கை எவ்வளவு மேலோட்டமானது என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ஆடு அந்தக் குடும்பத்துக்கு வங்கி. அவசரத்துக்கு விற்கலாம். வேறு சேமிப்பு வழி இல்லாதவரிடம் ஆடு வாங்காதே என்று எந்த முகத்தோடு சொல்வது?

அந்த நம்பிக்கைக்கு ஒரு பிறந்த ஆண்டுகூட உண்டு. 1989-இல் பெரு நாட்டின் ஒரு ஹெக்டேர் மழைக்காட்டை அளந்து, அதிலுள்ள பழங்களையும் மரப்பாலையும் தொடர்ந்து எடுத்து விற்றால் அதன் இன்றைய மதிப்பு 6,330 டாலர் என்று ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. மரம் வெட்டுவதைவிட, மேய்ச்சலைவிட அதிகம். உலகமே குதூகலித்தது. பிறகுதான் கேள்விகள் எழுந்தன. எல்லா ஹெக்டேரிலிருந்தும் பழம் வந்தால் யார் வாங்குவார்கள், விலை நிற்குமா, சந்தைக்கு ஒரு மணி நேரத்தில் போக முடியாத காட்டில் பழம் என்ன ஆகும்? அதற்காக மறுபக்கம் சாய்ந்து, காட்டு வருமானம் சில்லறை என்று சொல்லிவிடவும் முடியாது. 24 நாடுகளில் ஏறத்தாழ 8,000 குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து 2014-இல் வெளியான ஆய்வில், அவர்களின் வருமானத்தில் 28 சதவீதம் இயற்கையிலிருந்து நேரடியாக எடுத்தவை என்று வந்தது. அதில் முக்கால் பங்குக்கு மேல் காட்டிலிருந்து. பெரும்பகுதி விற்கப்படாமல் வீட்டிலேயே தீர்ந்துபோகிற விறகும் உணவும். சங்கிலிப் படத்தில் அதற்குக் கட்டமே இல்லை. சந்தைக்கென்று எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும் திட்டம் முதலில் வெறுமையாக்குவது அந்த அடுப்படியைத்தான்.

விலை ஏறினால் காட்டுப்பொருளுக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. யாராவது அதைத் தோட்டத்தில் வளர்த்துவிடுவார்கள். 1876-இல் ஹென்றி விக்காம் அமேசானிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். ஆசியத் தோட்டங்கள் பால் வடிக்கத் தொடங்கியதும், 1910-களில், அமேசானின் ரப்பர் நகரங்கள் சரிந்தன. மிச்சமிருந்த ரப்பர் தொழிலாளிகள் காட்டுக்கு உரிமை கேட்டுப் போராடினார்கள். 1988 டிசம்பரில் அவர்களின் தலைவர் சிக்கோ மென்டிஸ் கொல்லப்பட்ட பிறகுதான், 1990-இல், சேகரிப்புக்கென்றே ஒதுக்கிய காப்புக்காடுகள் உருவாயின.

கடைசியாக மரத்தின் காத்திருப்பு. குந்திரிக்கம் தரும் எத்தியோப்பிய மரங்களைப் பற்றி 2019-இல் வந்த ஓர் ஆய்வு, நான்கில் மூன்று பங்குக்கும் அதிகமான தோப்புகளில் இளமரங்களே இல்லை, பல பத்தாண்டுகளாகப் புதுக் கன்று எழவில்லை, இப்படியே போனால் 20 ஆண்டுகளில் உற்பத்தி பாதியாகும் என்றது. கன்றைத் தின்னும் மாடு, தீ, அளவுக்கு மீறிய கீறல் எல்லாம் காரணங்கள். கீறலுக்கு நடுவே மரத்துக்கு ஓய்வு வேண்டும், கன்றுகளுக்குச் சில ஆண்டுகள் வேலி வேண்டும். அந்த ஓய்வுக் காலத்தின் வருமானத்தை யார் ஈடுகட்டுவது? வாங்கும் நிறுவனங்களின் நிலைத்தன்மை வாக்குறுதிகளில் ‘பொறுப்பான சேகரிப்பு’ என்ற சொல் கண்டிப்பாக இருக்கும். சேகரிக்காமல் விடும் ஆண்டுக்குப் பணம் தருவதைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரியும் இருக்காது.

ஆளை வெளியேற்றிவிட்டால் மரம் தேறிவிடும் என்பவர்களுக்குக் கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன மலையைச் சொல்ல வேண்டும். அங்கே சோலிகர்கள் என்ற பழங்குடியினர் நெல்லி பறித்து வந்தார்கள். வனவிலங்குச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு விற்பனைக்கான சேகரிப்பு நிறுத்தப்பட்டது. நெல்லி மரங்களை அரித்தது பறிப்பைவிடப் புல்லுருவி என்கிறார்கள் சோலிகர்கள். முன்பு அவர்கள் காய்ந்த சருகுக்கு வைத்த சிறு தீ புல்லுருவியையும் உண்ணிச்செடியையும் அடக்கி வைத்தது, அது தடைசெய்யப்பட்ட பின் இரண்டும் பெருகின என்பது அவர்கள் கூற்று. ஆய்வாளர்களும் அதைக் கவனத்தோடு எடுத்துக்கொண்டார்கள்.

மறுபடி பெட்டேன். அங்கே ஊர்களுக்குக் காடு 25 ஆண்டுக் குத்தகையாகக் கொடுக்கப்பட்டது. 25 ஆண்டு என்றால் இந்த ஆண்டு வெட்டாத மரத்தைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். சரக்கின் மேல் முன்பணம் கேட்டால் வாங்குபவரும் வங்கியும் காது கொடுப்பார்கள். மரவெட்டு ஓய்ந்திருக்கும் மாதங்களில் ஓலையும், ஓலை ஓய்ந்திருக்கும்போது மரமும் பிசினுமாக மாற்றி மாற்றிக் காசு வரும். காட்டோடு நீண்ட பழக்கமுள்ள ஊர்களின் குத்தகைப் பகுதிகளில் காடழிப்பு மிகக் குறைவு. எல்லா இடத்திலும் இது பலிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அண்மையில் வந்து குடியேறியவர்களின் சில குத்தகைகளில் காடு மாட்டுப் பண்ணையாகிவிட்டது, ஒப்பந்தங்கள் ரத்தாயின. அந்தக் குடும்பங்களுக்கு ஓலையைவிட மாடு சீக்கிரம் காசாகியது. முதல் ஒப்பந்தக் காலம் முடிவதை நெருங்கியபோது மீதமிருந்த ஊர்களுக்கு வந்த பயம் விலையைப் பற்றியதில்லை, குத்தகை தொடருமா என்பதைப் பற்றியது. கார்மெலிட்டா ஊருக்கு அது இன்னொரு 25 ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது.